விசில் ஊதும் ஆசிரியருக்கு நாம் பட்ட கடன்



செப்டம்பர் 5-ஆம் நாள் நம் பள்ளிகளில் ஆசிரியர் தின விழா நடக்கும் விதத்தை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். மேடையில் தலைமை ஆசிரியரும் மூத்த ஆசிரியர்களும் அமர்ந்திருப்பார்கள். பிள்ளைகள் ரோஜாப் பூவும் பேனாவும் கொடுப்பார்கள். கணக்கு சார், தமிழம்மா, அறிவியல் டீச்சர் என்று ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டல் எழும். அந்த நேரத்தில் ஒருவரை மட்டும் மேடையில் காண முடியாது. வரிசை கலையாமல் பிள்ளைகளை உட்கார வைப்பதும், மைக் செட்காரரைக் கூப்பிடுவதுமாக அவர் வெயிலில் அலைந்துகொண்டிருப்பார். கழுத்தில் விசில் தொங்கும். அவர்தான் உடற்கல்வி ஆசிரியர். ஆசிரியர்களைப் பாராட்டும் விழாவிலும் அவருக்கு டியூட்டிதான்.

முப்பது ஆண்டுகள் ஒரே மைதானத்தில் நின்று பணியாற்றி ஓய்வு பெறுகிற இவர்களை நாம் எப்படி மதிக்கிறோம், இவர்கள் நம் பிள்ளைகளுக்கு உண்மையில் என்ன செய்கிறார்கள், இந்தப் பணி நம் ஊர்களுக்கு எப்படி வந்தது என்பதைக் குறித்து இந்த முறை சிந்திப்போம். கள்ளக்குறிச்சியையும் கல்வராயன் மலையையும் மனத்தில் வைத்துக்கொண்டே சிந்திப்போம். ஏனெனில் சமவெளியில் நாம் சாதாரணமாக நினைக்கும் ஒரு பி.டி. பீரியட், மலைமேல் கிடைப்பது அத்தனை எளிதல்ல.

நம் தாத்தாக்கள் இவரை 'டிரில் மாஸ்டர்' என்பார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. ஆங்கிலேயர் காலத்துப் பள்ளிகளில் உடற்பயிற்சி என்றாலே பெரும்பாலும் பட்டாளத்து டிரில்தான். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர்கள் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, இடது வலது என்று நடக்க வைப்பார்கள். திரும்பச் சொன்னால் திரும்ப வேண்டும், நிற்கச் சொன்னால் நிற்க வேண்டும். பிரம்பும் கூடவே இருக்கும். விளையாட்டு என்பது அதில் மிகக் குறைவு. விளையாட வேண்டிய வயதுப் பிள்ளைக்குக் கட்டளைக்குப் பணிய மட்டும் கற்றுக்கொடுத்த காலம் அது.

அதை மாற்றியவர்களில் முதன்மையானவர் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர். எச்.சி. பக் என்றால் உடற்கல்வி படித்த எவரும் அறிவர். ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய பயிற்சிக் கல்லூரியில் பயின்ற அவர் 1919-இல் சென்னைக்கு வந்தார். மறு ஆண்டே, 1920-இல், உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்குவதற்கென்று ஒரு பள்ளியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே இத்தகைய முதல் நிறுவனம் என்று அதைச் சொல்வார்கள். அதுவே வளர்ந்து இன்று நந்தனத்தில் பரந்த திடல்களோடு நிற்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி. சென்னைப் புத்தகக் காட்சிக்காக அந்தத் திடலுக்குப் போய் வந்தவர்கள் நம்மில் பலர் இருப்போம். யாருடைய மைதானத்தில் நடந்தோம் என்பது பெரும்பாலும் நமக்குத் தெரிந்திராது.

பக் செய்த பெரிய காரியம் கட்டடம் கட்டியது அல்ல. விளையாட்டைச் சொல்லிக் கொடுப்பதும் ஒரு கல்வி, அதற்கும் முறையான படிப்பு வேண்டும், அதைப் படித்தவர் மற்ற ஆசிரியர்களுக்குச் சமமான ஆசிரியர் என்ற எண்ணத்தை இந்த மண்ணில் ஊன்றினார். அணியில் இடம்பிடிக்கும் பத்துப் பன்னிரண்டு பேரை மட்டும் விளையாட விட்டு, மற்றவர்களைச் சுற்றி நின்று கைதட்டச் சொல்வது உடற்கல்வி ஆகாது. மெலிந்த பிள்ளைக்கும் பருத்த பிள்ளைக்கும் மைதானத்தில் இடம் வேண்டும் என்பதே அவர் வளர்த்த நெறி. விளையாட்டுகளின் விதிகளைத் தொகுத்து அவர் வெளியிட்ட நூல் பல பதிப்புகள் கண்டது. 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக் போட்டிக்குச் சென்ற இந்திய அணியின் மேலாளரும் அவரே. அந்த அணியில் 110 மீட்டர் தடை ஓட்டம் ஓடிய சி.கே. லட்சுமணன், பிற்காலத்தில் பெரிய மருத்துவ அதிகாரியானார். 1927-இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவானபோது சர் தோராப்ஜி டாட்டா தலைவரானார். அந்தச் சங்கம் உருவாக உழைத்தவர்களில் ஒய்.எம்.சி.ஏ.யைச் சேர்ந்த நோரனுக்கும் பக்குக்கும் பங்குண்டு. பக் 1943-இல் மறைந்தார். ஏறத்தாழ கால் நூற்றாண்டை அவர் நம் நாட்டுப் பிள்ளைகளின் விளையாட்டுக்கே கொடுத்திருக்கிறார்.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பக் கத்தோலிக்கர் அல்லர். அவர் பள்ளியைத் தொடங்கிய அதே 1920-ஆம் ஆண்டு நவம்பரில், ஒய்.எம்.சி.ஏ. போன்ற அமைப்புகளைக் குறித்து விழிப்பாயிருக்கும்படி உரோமையிலிருந்து ஆயர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அன்றைய சூழல் அப்படி. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு நம் பார்வை விரிந்தது. அதற்காக நாம் வெட்கப்படத் தேவையில்லை. ஆனால் நன்றி சொல்லாமல் இருந்தால் வெட்கப்பட வேண்டும். அந்தக் கல்லூரி காட்டிய வழியில் பயின்று வந்தவர்களே பின்னர் அரசுப் பள்ளிகளிலும் நம் மறைமாவட்டப் பள்ளிகளிலும் விசிலோடு நின்றார்கள்.

கிராமத்து வாலிபாலையே எடுத்துக்கொள்வோம். கூடைப்பந்து 1891-இலும் கைப்பந்து 1895-இலும் அமெரிக்க ஒய்.எம்.சி.ஏ. பயிற்சியாளர்கள் கண்டுபிடித்த ஆட்டங்கள். கைப்பந்து நம் ஊரில் 'வாலிபால்' ஆகி, இன்று கோவில் திருவிழா, பொங்கல் விழா என்று எங்கும் நிறைந்துவிட்டது. காரணம் எளிது. இரண்டு கம்பம், ஒரு வலை, ஒரு பந்து போதும். செருப்பில்லாமலும் ஆடலாம். பெரிய திடல் வேண்டியதில்லை. களத்து மேடு போதும். இறையூர் போன்ற நம் பழம்பெரும் பங்குகளானாலும், வெள்ளிமலைப் பக்கத்துச் சிற்றூரானாலும் வலை கட்ட ஓர் இடம் கிடைத்துவிடும். பள்ளியில் யாரோ ஒரு பி.டி. சார் முதன்முதலில் பந்தை எப்படித் தட்டுவது என்று காட்டிக் கொடுத்ததால் பரவிய ஆட்டம் இது.

நம் திரு அவைக்கும் மைதானம் அந்நியமானதல்ல. ஒலிம்பிக்கின் புகழ்பெற்ற மூன்று சொற்களான விரைவு, உயர்வு, வலிமை எங்கிருந்து வந்தன தெரியுமா? ஒரு பள்ளி விளையாட்டு விழாவிலிருந்து! பாரிஸ் அருகே அர்க்குய் என்ற ஊரில் பள்ளி நடத்திய தொமினிக்கன் சபைத் துறவி ஹென்றி திதோன் 1891-இல் தம் மாணவர்களுக்கு முன்வைத்த சொற்கள் அவை. அவருடைய நண்பர் கூபெர்த்தேன் அவற்றை 1894-இல் ஒலிம்பிக் இயக்கத்துக்கு எடுத்துக்கொண்டார். புனித தொன்போஸ்கோவுக்கோ விளையாட்டுத் திடல் ஆலயத்துக்கும் வகுப்பறைக்கும் இணையானது. அவருடைய சலேசியர்கள் 1906-இல் தஞ்சாவூருக்கு வந்தபோது அந்த மரபையும் கொண்டு வந்தார்கள். 2000-ஆம் யூபிலி ஆண்டில் விளையாட்டு வீரர்களுக்கென்றே உரோமை ஒலிம்பிக் அரங்கில் திருப்பலி நிறைவேற்றியவர் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால். 2018-இல் விளையாட்டைப் பற்றித் தனியாகவே ஓர் ஏட்டை வத்திக்கான் வெளியிட்டது.

புனித பவுல் கொரிந்து நகரத்தாருக்கு எழுதும்போது ஓட்டப் பந்தயத்தை எடுத்துக்காட்டாகச் சொன்னதை நாம் பலமுறை வாசகத்தில் கேட்டிருக்கிறோம். கொரிந்துக்கு அருகிலேயே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இஸ்த்மியப் போட்டிகள் நடந்தன. கேட்டவர்களுக்கு அது கண்ணால் கண்ட காட்சி. பரிசு ஒருவருக்கே என்பதை அவர் அங்கே குறிப்பிடுகிறார். பரிசு பெறாமல் ஓடி முடித்த மற்றவர்களின் கதை என்ன? அங்கேதான் உடற்கல்வி ஆசிரியரின் வேலை தொடங்குகிறது என்று நமக்குத் தோன்றுகிறது. வென்றவனைத் தூக்கிக் கொண்டாட ஊரே வரும். கடைசியாக வந்து, தலை குனிந்து, காலில் மண்ணைக் கிளறிக்கொண்டு நிற்கும் பிள்ளையின் தோளில் கை போட அவர் ஒருவர்தான் வருவார்.

அவருடைய வேலை எத்தனை நுட்பமானது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. விளையாட்டு விழாவுக்கு முந்தைய நாள் அவர் கயிறும் அளவு நாடாவும் சுண்ணாம்புத் தூளும் வைத்துக்கொண்டு டிராக் போடுவார். 400 மீட்டர் ஓட்டத்தில் ஓடுபவர்கள் ஒரே கோட்டிலிருந்து புறப்படுவதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வெளி லேனில் நிற்பவர் முன்னால் நிற்பார். பார்க்கிற பெற்றோர் சிலர், "என் பிள்ளையை மட்டும் ஏன் சார் பின்னால் நிறுத்தினீர்கள்?" என்று சண்டைக்கே வந்துவிடுவதுண்டு. கணக்கு இதுதான். ஒரு லேனின் அகலம் 1.22 மீட்டர். வளைவில் வெளியே போகப் போகச் சுற்று பெரிதாகிறது. அதனால் ஒரு முழுச் சுற்றுக்கு இரண்டாம் லேனில் ஓடுபவரை 7.04 மீட்டர் முன்னால் நிறுத்த வேண்டும். அதற்கு அடுத்த ஒவ்வொரு லேனுக்கும் 7.67 மீட்டர் கூட்டிக்கொண்டே போக வேண்டும். எட்டாவது லேன்காரர் சுமார் 53 மீட்டர் முன்னால் நிற்பார். மைதானம் சிறியதாகி 200 மீட்டர் டிராக் போட்டாலும் ஒரு சுற்றுக்கு இந்தக் கணக்கு மாறாது, லேன் அகலம் அதேதான் என்றால்! எல்லாரையும் ஒரே கோட்டில் நிறுத்தினால் பார்வைக்கு நியாயமாகத் தெரியும். ஆனால் வெளியே ஓடும் பிள்ளைக்கு அது அநியாயம்.

இதைப் புரிந்துகொண்டு கல்வராயன் மலையை ஏறிப் பார்ப்போம்.

கச்சிராயபாளையத்தைத் தாண்டிப் போனால் கோமுகி அணை. அதற்கப்பால் மலைப்பாதை வளைந்து வளைந்து வெள்ளிமலைக்கு ஏறும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான இந்த மலை கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. மலையாளிப் பழங்குடி மக்களின் சிற்றூர்கள் தள்ளித் தள்ளி இருக்கும். 1970-களின் நடுப்பகுதி வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த மக்கள் இவர்கள். சாமையும் மரவள்ளியும் விளையும். அது போதாதபோது குடும்பத்தோடு கேரளத்துக்கும் குடகுக் காப்பித் தோட்டங்களுக்கும் கூலி வேலைக்குப் போவார்கள். பிள்ளைகள் உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கிப் படிப்பார்கள், அல்லது பெற்றோரோடு போய்ப் படிப்பை விடுவார்கள். 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்த துயரம் நாடறிந்தது. அதன் பிறகு கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து விசாரிக்கத் தொடங்கியது. ஒரு மைதானம் இருந்தால் சாராயம் ஒழிந்துவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது இறந்தவர்களின் குடும்பங்களைக் கேலி செய்வதாகும். மாலை ஐந்து மணிக்குப் போக ஓர் இடமும், பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு பெரியவரும் வேண்டும் என்பது எந்த வளரிளம் பிள்ளைக்கும் பொதுவான தேவை. அதை மட்டும் சொல்கிறோம்.

மலையில் கால்களுக்குக் குறையில்லை. பள்ளிக்கு மேடு பள்ளம் ஏறி இறங்கி நடந்தே வரும் பிள்ளைகள் அவர்கள். குறைவது எதுவென்றால், அந்தக் கால்களைப் பார்த்து, "நீ நாளை முதல் காலையில் வந்து ஓடு" என்று சொல்கிற ஒரு முதிர்ந்த கண்.

அது ஏன் குறைகிறது? சட்டத்தைப் பார்த்தால் ஒரு காரணம் தெரியும். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டுத் திடல் வேண்டும் என்கிறது. நல்லது. ஆனால் உடற்கல்விக்கு ஆள் வேண்டும் என்று அது சொல்வது 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு. அதிலும் 100 பிள்ளைகளுக்கு மேல் படித்தால்தான். அதுவும் பகுதி நேரப் பயிற்றுநர். தொடக்கப் பள்ளிக்கு அதுவும் இல்லை. சமவெளியில் 100 பிள்ளைகள் சேர்வது பெரிய காரியமல்ல. சிதறிக் கிடக்கும் மலைச் சிற்றூர்களில் ஒரு நடுநிலைப் பள்ளிக்கு 100 பிள்ளைகள் எங்கிருந்து வருவார்கள்? சட்டம் எல்லாரையும் ஒரே கோட்டில் நிறுத்தியிருக்கிறது. டிராக் போடும் பி.டி. சாரிடம் கேட்டிருந்தால், வெளி லேன் பிள்ளைக்குச் சில அடி முன்னால் கோடு கிழித்திருப்பார்!

பகுதி நேரம் என்பதன் பொருளையும் அறிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் 2012-இல் உடற்கல்வி, ஓவியம், இசை, தையல், கணினி போன்ற பாடங்களுக்கு 16,549 பேரை அரசு பகுதி நேர ஆசிரியர்களாக அமர்த்தியது. மாதம் 5,000 ரூபாய். பின்னர் சில முறை ஊதியம் உயர்த்தப்பட்டது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் பல முறை போராடினார்கள். பேருந்துச் செலவுபோக மிச்சத்தில் குடும்பம் நடத்துகிறவரிடம், மாலையில் கூடுதலாக இரண்டு மணி நேரம் நின்று பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது? இருந்தும் அப்படி நிற்பவர்கள் உண்டு. குறுவட்டப் போட்டி, பாரதியார் தின விளையாட்டு, குடியரசு தின விளையாட்டு என்று பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிச் சென்று, வாழைப்பழமும் பன்னும் தம் காசில் வாங்கிக் கொடுத்து, இரவு வீடு சேர்த்துவிட்டுப் போகிறவர்களை நம் பங்கு மக்களில் பலர் அறிவர்.

இப்படி ஒரு கண் பார்த்ததால் என்ன நடக்கும் என்பதற்கு நெடுந்தூரம் போக வேண்டாம். கல்வராயன் மலையின் மறுபக்கம் இறங்கினால் சேலம் மாவட்டம். அங்கே பெரியவடகம்பட்டி என்ற சிற்றூரில், ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் நசுங்கிய ஒரு சிறுவன் இருந்தான். தாய் காய்கறி விற்று வளர்த்தார். அவனிடம் உயரம் தாண்டும் திறன் இருப்பதைப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் கண்டுகொண்டு ஊக்கினார். அந்தச் சிறுவன்தான் மாரியப்பன் தங்கவேலு. 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். 2021-இல் நடந்த டோக்கியோ போட்டியில் வெள்ளி. 2024 பாரிஸில் வெண்கலம். பிற்காலத்தில் வேறு பயிற்சியாளர்களும் அரசும் துணை நின்றார்கள். முதலில் பார்த்தது பள்ளி மைதானத்தில் நின்றவர். கால் ஊனமான பிள்ளையை, "நீ உட்கார்ந்து பார்" என்று ஓரமாக அனுப்பிவிடுவதே பல பள்ளிகளில் வழக்கமாக இருக்கையில், அவர் அப்படி அனுப்பவில்லை.

பாராட்டு மட்டும் தாமதமாகவே வரும். பி.டி. உஷாவைச் சிறுமியாக இருந்தபோதே கண்டெடுத்துப் பயிற்சி தந்த ஓ.எம். நம்பியாருக்கு 1985-இல் துரோணாச்சாரியார் விருது கிடைத்தது. பத்மஸ்ரீ விருதோ 2021-இல்தான் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் காலமானார். உலகறிந்த வீராங்கனையின் பயிற்சியாளருக்கே இப்படி என்றால், குறுவட்டத்தோடு நின்றுபோன பிள்ளைகளின் ஆசிரியரை யார் நினைப்பார்?

நம் துறவியர் ஒருவரையும் நினைவுகூர்வது தகும். அயர்லாந்தைச் சேர்ந்த அருட்சகோதரர் கோம் ஓகானல், பேட்ரிசியன் சபையைச் சேர்ந்தவர். சென்னை அடையாற்றில் புனித பேட்ரிக் பள்ளியை நடத்துகிற அதே சபைதான். 1976-இல் கென்யாவின் இட்டன் என்ற மலையூர்ப் பள்ளிக்குப் புவியியல் ஆசிரியராகப் போனார். தடகளத்தில் அவருக்குப் பயிற்சி ஏதும் இல்லை. பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். 1988 சியோல் ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் தங்கம் வென்ற பீட்டர் ரோனோ அவருடைய மாணவர். 2012 இலண்டனில் 800 மீட்டரை 1 நிமிடம் 40.91 நொடியில் ஓடி உலகச் சாதனை படைத்த டேவிட் ருடிஷாவும் அவர் வளர்த்தவர். சில ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பலாம் என்று போனவர் பல பத்தாண்டுகள் அங்கேயே தங்கிவிட்டார். அந்த மலையில் இருந்தது இந்த மலையில் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

நாம் என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். முதலாவது, பெற்றோராகிய நாமே செய்யும் ஒரு தவற்றை விட வேண்டும். பத்தாம் வகுப்பு வந்ததும் பி.டி. பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கொடுத்துவிடுங்கள் என்று பள்ளிக்குப் போய்க் கேட்பவர்கள் நாம்தான். நம் பள்ளிகளும் அதற்கு இணங்கிவிடுகின்றன. வாரத்தில் அந்த இரண்டு மணி நேரமும் போனபின், அந்த ஆசிரியருக்கு மிஞ்சுவது வாசலில் நின்று தாமதமாக வரும் பிள்ளைகளைப் பிடிக்கும் வேலை மட்டுமே. பெண்பிள்ளைகள் வயதுக்கு வந்ததும் மைதானத்திலிருந்து நிறுத்திவிடும் வழக்கமும் நம் வீடுகளில் இன்னும் முற்றிலும் போகவில்லை. இதைப் பற்றி அன்பியக் கூட்டங்களில் வெளிப்படையாகப் பேச வேண்டும்.

அடுத்து, கிறிஸ்து பிறப்பு, பொங்கல் விழாக்களையொட்டி நம் பங்குகளில் விளையாட்டுப் போட்டிகள் நடக்கும். பரிசு வழங்கப் பெரிய மனிதர்களைத் தேடி அலைகிறோம். இந்த முறை உங்கள் பங்கில் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் ஓர் உடற்கல்வி ஆசிரியரையோ ஆசிரியையையோ அழையுங்கள். அவர் எந்தச் சமயத்தவராக இருந்தாலும் அழையுங்கள். சால்வை போர்த்தி நாற்காலியில் உட்கார வைத்துவிடாதீர்கள். சின்னப் பிள்ளைகளின் 50 மீட்டர் ஓட்டத்தை அவர் விசில் ஊதித் தொடங்கி வைக்கட்டும். அதுவே அவருக்கு மகிழ்ச்சி தரும்.

இளையோர் இயக்கத்தினர் மலைமேல் ஏதேனும் ஒரு பள்ளிக்கு விளையாட்டுப் பொருள்கள் வாங்கிச் செல்ல விரும்பினால், கடைக்குப் போகும் முன் அங்குள்ள ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். நாம் பந்துகளாக வாங்கிக் குவித்துக்கொண்டு போவோம். அங்கே ஏற்கெனவே மூன்று பந்துகள் காற்றிறங்கிக் கிடக்கும். அவருக்குத் தேவைப்படுவது ஒரு பம்பும் இரண்டு ஊசியுமாக இருக்கலாம்.